பழுவூர் இளையராணியும் பெரிய திருமடலும்

ஆழ்வார் என்னும் திருச்சொல்லை இக்காலத் தமிழ் வாசகர் பலர் முதன்முதலாக எதிர்கொள்வது கோயில் கோஷ்டியிலன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஏடுகளில்தான். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகத் திரைப்படமாகவும் ஆன அந்நாவலில் ஆழ்வார்க்கடியான் நம்பி என்றொரு வீர வைஷ்ணவன் வருகிறான். கையில் தடி, நெற்றியில் திருமண், நாவில் பாசுரம், உள்ளே ஒற்றர் வேலை. அவன் தன் தங்கையெனக் கருதும் நந்தினியோ பழுவூர் இளையராணி. கதையின் நச்சும் அமுதமும் அவளே. அருளிச்செயல் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த பெண், விலக்கப்பட்ட காதலின் வடிவாகி, ஓர் அரசகுலத்தையே அசைக்கப் புறப்படுகிறாள். இந்தப் பாத்திரப் படைப்பைப் பற்றி நம்மவரிடையே இருவிதமான பேச்சு உண்டு. பாசுரத்தைக் காமக் கதைக்குத் திரைச்சீலையாக்கிவிட்டார் என்பார் ஒரு சாரார். பாசுரத்தை மறந்த தலைமுறைக்கு அதன் ஓசையையாவது நினைவூட்டினாரே என்பார் மற்றொரு சாரார். இரண்டும் மேலோட்டமானவை என்பது என் கருத்து. விலக்கப்பட்ட காதல் என்பது நம் வ்யாக்யான மரபுக்கு அந்நியமான பொருளன்று. பூர்வாசார்யர்கள் அதனை நேருக்கு நேர் நின்று ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த உரைகல்லில் நாவலைத் தேய்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டமும், பின்னர் 2007-இல் அதிலிருந்து அரியலூர் மாவட்டமும் பிரிந்தன. நாவலாசிரியர்களுக்குச் சோழ நாட்டின் வடகரை வழங்கிய களஞ்சியம் பெரும்பாலும் இந்த அரியலூர் நிலத்தில்தான் உள்ளது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகிய ஊர்களே பழுவேட்டரையர்களின் இருப்பிடம். கீழப்பழுவூர் ஆலந்துறை ஈசனைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அங்கு மலையாளர் வழிபட்ட செய்தி அவருடைய பதிகத்திலேயே உண்டு. கீழையூரின் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக் கோயிலும் இக்குடியினரின் காலத்தது. அவனிகந்தர்ப்பன் என்றால் பூமியில் வாழும் மன்மதன் என்று பொருள். காதலின் தெய்வப் பெயரைத் தாங்கிய கோயில் நிற்கும் ஊரைக் கல்கி நந்தினிக்குப் புக்ககமாக்கினார். அவர் அதை எண்ணித்தான் செய்தாரோ என்னவோ, பொருத்தம் மட்டும் வியப்பானது.

கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை அறிய இரண்டு சாசனங்கள் போதும். ஒன்று அன்பில் செப்பேடு. சுந்தர சோழன் தன் அமைச்சரான அநிருத்த பிரமாதிராயருக்கு நிலம் அளித்ததை அது கூறுகிறது. அநிருத்தரின் குடும்பம் திருவரங்கநாதனிடம் ஈடுபட்ட வைஷ்ணவக் குடும்பம் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. அன்பில் நம் திவ்யதேசங்களுள் ஒன்று. முதற்பராந்தகன் கேரள அரசரான பழுவேட்டரையரின் மகளை மணந்தான் என்பதும், அவளுக்குப் பிறந்தவனே அரிஞ்சயன் என்பதும் அதே செப்பேட்டின் செய்திகள். ஆழ்வார்க்கடியானுக்கு எசமானரும், நந்தினிக்குக் கணவர் குலமும் ஒரே செப்பேட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. மற்றொன்று உடையார்குடிக் கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரின் உறவினர் சொத்துக்களைப் பறிமுதல் செய்யும் ஆணையை முதலாம் இராசராசன் தன் 2 ஆம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பினான். நந்தினி இவ்விரண்டிலும் இல்லை. வேறெந்தச் சாசனத்திலும் இல்லை. அவள் முழுவதும் கல்கியின் சிருஷ்டி.

உடையார்குடி என்பது காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதி. வீரநாராயணபுரம் என்பதும் அதுவே. ஸ்ரீமந் நாதமுனிகளின் திருவவதாரத் தலம். அரசகுமாரனைக் கொன்றவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்த ஊரும், நாலாயிரத்தை மீட்டுத் தந்தவர் அவதரித்த ஊரும் ஒன்றே. இந்த ஒருமையைக் கல்கி தவறவிடவில்லை. வந்தியத்தேவன் தன் பயணத்தின் தொடக்கத்திலேயே வீரநாராயணப் பெருமாள் ஸந்நிதிக்கு வருகிறான். ஆழ்வார்க்கடியான் அங்கே பாசுரம் இசைக்கிறான். அர்ச்சகரான ஈசுவர பட்டர் உருகுகிறார். அருகே நின்று கேட்கும் அவருடைய இளங்குமாரரே பிற்காலத்து நாதமுனிகள் என்று கதை சொல்கிறது.

ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவத்தை அறிந்தவர்க்கு இந்தக் காட்சியின் மூலம் உடனே புலப்படும். வீரநாராயணபுரத்துக்கு வந்த யாத்திரிகர்கள் திருக்குடந்தைத் திருவாய்மொழியை அநுஸந்திக்க, அதன் சாற்றுப் பாசுரத்திலிருந்து ஆயிரம் பாசுரங்கள் உண்டென்று உணர்ந்து நாதமுனிகள் தேடிப் புறப்பட்டார் என்பது மரபு. யாத்திரிகர் கூட்டத்தின் இடத்தில் ஒற்றன் ஒருவனை நிறுத்தினார் கல்கி, நாதமுனிகளைச் சிறுவராக்கினார். காலக்கணக்கு இதற்கு இடம் கொடாது. கதை நிகழ்வது சுந்தர சோழனின் கடைசி ஆண்டுகளில், அதாவது கி.பி. 970-ஐ ஒட்டி. எம்பெருமானாரின் அவதாரம் 1017. அவர் திருவரங்கம் சென்றபோது ஆளவந்தாரின் சரமத் திருமேனியையே ஸேவிக்க நேர்ந்தது. ஆளவந்தார் நாதமுனிகளின் பேரர், முதிர்ந்த துறவி. நாதமுனிகள் 970-ஐ ஒட்டிச் சிறுவராயிருந்தால், பேரர் முதியவராவதற்கு இடைப்பட்ட ஆண்டுகள் போதா.

ஆனால் நாவலைத் திருத்தும் கையோடு மரபுக் கணக்கையும் சற்றே பார்க்கவேண்டும். நாதமுனிகளின் அவதாரத்தை 823 அல்லது 824 என்று கொள்வது வழக்கம். வீரநாராயணன் என்பதோ 907-இல் பட்டமேறிய முதற்பராந்தகனின் பட்டப்பெயர். ஊரும் ஏரியும் அவன் பெயரால் அமைந்தவை. ஆதலால் ஆராய்ச்சியாளர் சிலர் நாதமுனிகளைச் சற்றுப் பிற்படுத்திப் பத்தாம் நூற்றாண்டில் வைப்பர். மரபுக் கணக்கை ஏற்பவர், பின்னெழுந்த பெயரால் முன்னிருந்த ஊரைக் குறித்தனர் என்று அமைதி கூறுவர். நாவலாசிரியர் செய்த காலவழுவைச் சுட்டுகிறவர்கள், சரித்திரங்களில் ஊர்ப்பெயர் எழுதியவர் காலத்ததாக இருக்கும் வழக்கத்தையும் நினைவில் கொள்வது நேர்மை.

காலவழுவைவிட முக்கியமானது நந்தினியின் வளர்ப்பு. வைகைக்கரை நந்தவனத்தில் கண்டெடுத்த குழந்தையாதலால் நந்தினி எனப் பெயரிட்டார்களாம். ஆண்டாளைப்போல் இவளும் ஊரூராகப் பாசுரம் பரப்புவாள் என்று ஆழ்வார்க்கடியான் கனவு கண்டானாம். பெரியாழ்வார் திருத்துழாய்ப் பாத்தியில் கோதையைக் கண்டெடுத்த வரலாற்றின் நிழல் இது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நிழல் தலைகீழாக விழுகிறது. கோதை மானிடரை மணக்கும் பேச்சையே பொறாதவள். நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழியே அதற்குச் சான்று. நந்தினியும் தன் உடலை எவர்க்கும் கொடாதவள்தான். பெரிய பழுவேட்டரையரை மணந்தும் விரதம் என்று காரணம் காட்டி விலகியே நிற்கிறாள். ஒருவனுக்கென்றே தன்னை வைத்திருக்கும் உறுதி இருவர்க்கும் பொது. அந்த ஒருவன் வேறு. கொல்லப்பட்ட வீரபாண்டியனை நினைந்து, மீன் பொறித்த வாளொன்றைப் பேழையில் வைத்து அவள் போற்றும் இடங்களை மீண்டும் படித்துப் பாருங்கள். அர்ச்சாவதாரத்துக்குச் செய்யும் உபசாரத்தின் சாயல் அவற்றில் தெரியும். நந்தவனம், கண்டெடுத்த மகள், ஒருவனுக்கே என்ற விரதம், ஏந்தி வணங்கும் திருவுரு என்று எல்லாம் இருக்கின்றன; பகவான் மட்டும் இல்லை. பக்தியின் உறுப்புகளையெல்லாம் வைத்துக்கொண்டு உயிரை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கல்கி எழுதிக் காட்டிவிட்டார். அவர் அவ்வாறு கருதினாரா என்பது வேறு விஷயம்.

நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் இடைப்பட்ட காதல் ஏன் விலக்கப்பட்டது? அர்ச்சகர் வீட்டுப் பெண் அரசகுமாரனுக்கு ஏற்றவளல்லள் என்பது முதல் தடை. பிற்பகுதியில் இரத்த உறவு பற்றிய ஐயமும் சேர்ந்து, தடை பாவமாக மாறுகிறது. தடை விதிப்பவர் குலமும் அரசும். இதை ஒரு புறம் நிறுத்திவிட்டு, அருளிச்செயலில் தடை எங்கே இருக்கிறது என்று காண்போம்.

மடலூர்தல் என்பது அகத்திணை வழக்கு. காதலியைப் பெறாத தலைவன் பனைமடலால் செய்த குதிரைமீதேறி, அவள் உருவெழுதிய கிழியை ஏந்தித் தெருவில் வந்து, தன் நாணத்தை அழித்து, ஊரறியச் செய்து அவளைப் பெறுவது. எத்திணையிலும் இது பெண்ணுக்கு உரியதன்று என்பது தொல்காப்பிய விதி. நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும், கடலன்ன காமம் கொண்டும் மடலேறாமையைப் பெண்ணின் பெருமையாகவே வைத்தார். இந்த விதியைத் திருமங்கையாழ்வார் வேண்டுமென்றே மீறுகிறார். சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டிலும் பேசுவது தலைவி. அவளே மடலூர்வேன் என்கிறாள். தமிழ்நெறி இதை விலக்குமே என்ற ஆட்சேபத்தைப் பெரிய திருமடலுக்குள்ளேயே எழுப்பி, வடநெறியைக் கைக்கொள்வதாக விடையும் சொல்கிறாள். இராமன்பின் கானகம் போன பிராட்டி, அருச்சுனனை விரும்பிய உலூபி, அநிருத்தனைத் தன்பால் வரவழைத்த வாணன் மகள் உஷை, தவத்தால் மெலிந்த உமை என எல்லை கடந்து காதலித்த பெண்களை வரிசையாகச் சாட்சிக்கு நிறுத்துகிறாள். நம்மாழ்வாரும் ஐந்தாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் இதே துணிவைப் பெண்குரலில் வெளியிட்டிருக்கிறார்.

நாலாயிரத்துக்கும் உரைகண்ட பெரியவாச்சான் பிள்ளைக்கும், ஈட்டில் நம்பிள்ளைக்கும் இது சிக்கலான இடம். இலக்கண மீறலைவிடப் பெரிய சிக்கல் ஸம்ப்ரதாயத்துக்குள்ளேயே இருக்கிறது. சேதநன் பரதந்த்ரன்; அவனைப் பெறுவது ஈசுவரனுக்கே உரிய செயல். அப்படியிருக்க, ‘நீ வாராவிடில் உன் பெயரைத் தெருவில் இழுப்பேன்’ என்று மிரட்டிப் பெற முனைவது ஸ்வரூப விரோதமல்லவா? தன் முயற்சியை உபாயமாக்குவதல்லவா? நாச்சியார் திருமொழியிலோ இன்னும் கடுமை. அநந்ய தைவத்வம் பேசும் மரபில் பிறந்த பெண் காமதேவனை நோன்பு நோற்றுத் தொழுகிறாள். தேவதாந்தர பஜநம் விலக்கப்பட்டது என்பதைப் பெரியாழ்வார் திருமகள் அறியாளா?

வ்யாக்யானங்கள் இந்த வினாக்களை மறைக்கவில்லை. ஆண்டாளைக் குழந்தையெனச் சொல்லித் தப்பிக்கவுமில்லை. இராமன் நலத்துக்காக அயோத்தி மக்கள் எல்லாத் தேவதைகளையும் தொழுதார்களே, அந்தத் தொழுகை இராமனிடத்து அன்பன்றி வேறென்ன என்பது மரபில் வரும் ஸமாதானம். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதைக் கொள்கையாகவே வைத்தார். ஞானக் குறைவால் வந்த அறியாமை வேறு. ஞானம் கனிந்து காதலாகி, அந்தக் காதலின் முதிர்வில் கண்மறைந்து வந்த அறியாமை வேறு. பின்னதால் நேரும் பிசகுகள் கழிக்கத்தக்கன அல்ல, பொன்னாக மதிக்கத்தக்கன என்பது அவர் திருவுள்ளம். அவருடைய திருத்தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் ஆழ்வாரின் குரலையே இரண்டாகப் பகுத்தார். தெளிவு மேலிட்டபோது தம் குரல், காதல் மேலிட்டபோது பெண்குரல். மடலும் காமன் நோன்பும் பெண்குரலில் வருவதன் காரணம் இதுவே. அங்கே உபாய புத்தி இல்லை. பேறு தாழ்க்கும்போது பொறுக்கமாட்டாத துடிப்பு மட்டுமே உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆசார்யர்கள் விதியைத் தளர்த்தவில்லை. பெண் மடலூரலாம் என்று புதிய இலக்கணம் செய்யவில்லை. காமனைத் தொழலாம் என்றும் சொல்லவில்லை. விதி விதியாகவே நிற்கிறது, மீறல் மீறலாகவே நிற்கிறது. அந்த மீறலே காதலின் அளவுகோல். விதி இல்லையென்றால் திருமடலுக்குச் சுவையே இல்லை. நாவலாசிரியர்களுக்கும் இந்த நுட்பம் தெரியும். தடையில்லாக் காதல் ஐந்து பாகங்களுக்கு வளராது. ஆயினும் நாவலில் தடையை வெல்லும் காதல் ஒன்று திருமணத்தில் முடிகிறது, அல்லது சாவில் முடிகிறது. திருமடலில் எதுவும் முடிவதில்லை. மடலெடுத்துவிட்டதாகக்கூடச் சொல்லவில்லை, ஊர்வேன் என்ற சூளுரையோடு நிற்கிறது பிரபந்தம்.

மடலுக்கு உரியவன் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை நம் மரபு விஷய விசேஷம் என்று சொல்லும். நந்தினியின் நெஞ்சுறுதியில் குறையில்லை. திருமங்கையாழ்வாரின் தலைவிக்கு அவள் சளைத்தவளல்லள். அவள் உறுதி பற்றிய பொருள் அழியக்கூடியது, அழிந்தும்விட்டது. இறந்தவன்மேல் வைத்த காதலுக்குப் பழிவாங்குதல் தவிர வேறு கைங்கர்யம் கிடையாது. இதனால்தான் அவள் பாத்திரம் வாசகரை இத்தனை காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அவளைப் பொல்லாதவளென்று ஒதுக்குபவர் அவள் துயரத்தைப் பார்க்கவில்லை; ஆண்டாளுக்கு நிகரென்று வியப்பவர் ஆண்டாளையே பார்க்கவில்லை.

விஷயம் மாறினால் காதல் என்ன ஆகும் என்பதற்குக் குருபரம்பரை இரண்டு கதைகளை வைத்திருக்கிறது. விப்ரநாராயணர் தேவதேவி என்னும் கணிகையிடம் மயங்கி, கைப்பொருள் இழந்து, கோயில் பொன்வட்டில் திருடியதாகப் பழிசுமந்து, பின்னர் தொண்டரடிப்பொடியாழ்வாரான கதை பலரும் அறிந்தது. 1954-இல் தெலுங்குத் திரைப்படமாகவும் வந்தது. வட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அரங்கனே என்பது கதையின் உயிர். விலக்கப்பட்ட காதலுக்குத் தூதனாகத் தெய்வமே நடந்தது. திருமாலையில் ஆழ்வார் தம் பழைய நிலையை நினைந்து வருந்துகிறார். தேவதேவியின் பெயர் அங்கே இல்லை. பாசுரத்தில் இல்லாத பெயரைக் கதையும் திரையும் பெருக்கின.

மற்றது பிள்ளை உறங்காவில்லி தாஸர் கதை. இது நம் நாவலாசிரியர்கள் கவனிக்கத் தவறியது என்றே நினைக்கிறேன். உறையூர் மல்லர் ஒருவர் பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவரங்கத் திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் குடைபிடித்து, முன்னோக்காமல் அவள் முகத்தையே நோக்கி நடந்தார். ஊர் சிரித்தது. எம்பெருமானார் சிரிக்கவில்லை. இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் ஈடுபடுவீரோ என்று கேட்டு, பெரிய பெருமாளின் திருக்கண்களைக் காட்டினார். அவ்வளவுதான். பொன்னாச்சியைத் துறக்கும்படி சொல்லவில்லை. அவளும் உடன்வந்து சிஷ்யையானாள். பிற்காலத்தில் அவள் ஞானத்தைப் பெரியோர் எடுத்துப் பேசினர். உலகக் காதலைத் தீயிலிட்டுத்தான் பக்தி பிறக்கவேண்டும் என்ற எண்ணம் நாவல்களில் மிகுதி. உறங்காவில்லியின் கதையில் பழைய காதல் எரியவில்லை, வழிப்பட்டது.

கல்கியின் மற்றொரு நாவலான ‘சிவகாமியின் சபத’த்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மாமல்லனை அடையமுடியாத சிவகாமி, இறுதியில் காஞ்சி ஏகாம்பரநாதனுக்கே தன்னை அர்ப்பணிக்கிறாள். அழகிய முடிவுதான். ஆனால் அங்கே ஈசன், மானிடக் காதல் தோற்றபின் வந்து சேரும் புகலிடம். கோதைக்கோ அரங்கன் இரண்டாமவன் அல்லன். தோல்வியின் ஆறுதலும் அல்லன். புலன்வழிக் காதலின் முடிவில் ஆன்மிகத்தை ஒட்டவைக்கும் இந்த அமைப்பு, பின்வந்த சரித்திர நாவல்கள் பலவற்றுக்கு வாய்பாடாகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தைக் களமாகக் கொண்டு அகிலன் எழுதி, 1963-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘வேங்கையின் மைந்த’னில் இளங்கோவுக்கும் ஈழத்து ரோகிணிக்கும் இடையே பகைநாட்டுக் காதல் வளர்கிறது. அது அரசியல் தடை. சமய வாழ்வு அங்கே பின்புலம் மட்டுமே. ஆகவே நம் ஆராய்ச்சிக்கு அதில் அதிகம் இல்லை.

நம் ஸம்ப்ரதாயத்துக்கு மிக நெருங்கிய சரித்திர நாவல் ஸ்ரீவேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’. 1323-இல் நேர்ந்த படையெடுப்பில் நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளியதும், பிள்ளை லோகாசார்யர் உடன்சென்று ஜோதிஷ்குடியில் திருநாடலங்கரித்ததும், பிறகு 1371-இல் கோபணார்யர் முயற்சியால் நம்பெருமாள் மீண்டதும் நாம் அறிந்த வரலாறு. அந்நாவலைப் படித்துத் திருவரங்கம் போனவர் வெள்ளைக் கோபுரத்தை முன்போல் பார்க்கமாட்டார். கோயில் தாஸியான வெள்ளையம்மாள் படைத்தலைவனைக் காதல் காட்டி மயக்கி, கோபுரத்தின்மேல் அழைத்துச் சென்று தள்ளி, தானும் வீழ்ந்தாள் என்பது திருவரங்கத்தார் சொல்லும் வரலாறு. அங்கே காதல் வேடம், கைங்கர்யமே மெய். நந்தினியிடம் இது அப்படியே திரும்பியிருக்கிறது: சமய வாழ்வு வேடம், பழியே மெய்.

திருவரங்கம் இன்னொரு விலக்கப்பட்ட காதலையும் தன்னுள் வைத்திருக்கிறது. தில்லிப் பாதுஷாவின் மகள் அழகிய மணவாளனைக் கண்டு காதலுற்று, பிரிவாற்றாமல் பின்தொடர்ந்து வந்து அரங்கனடி சேர்ந்தாள் என்று கோயிலொழுகு கூறும். துலுக்க நாச்சியாருக்கு விக்ரஹம் இல்லை; சித்திரமாகவே எழுந்தருளியிருக்கிறாள். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கம் உண்டு. குலம், சமயம், பகை என மூன்று தடைகளும் சேர்ந்த காதல் இது. நாவலாசிரியன் இதற்கு எத்தனை அத்தியாயம் எழுதுவான்! கோயில் இதற்கு ஒரு சுவரையும் ஒரு தளிகையையும் கொடுத்தது. பெரம்பலூர் மதனகோபாலன் ஸந்நிதியில் நிற்கும்போதெல்லாம், ஆண்டாள் தொழுத மதனனின் பெயரையும் கோபாலனின் பெயரையும் ஒரே திருநாமமாகக் கோத்துவைத்த நம் முன்னோரின் துணிவு எனக்கு நினைவுக்கு வரும்.

மீண்டும் அரியலூர் நிலத்துக்கு வருவோம். நாதமுனிகளின் இறுதி நாளைக் குருபரம்பரை இவ்வாறு சொல்லும். வில்லேந்திய ஆடவர் இருவர், ஒரு பெண், ஒரு குரங்கு ஆக நால்வர் வீட்டு வாயிலில் வந்து கேட்டுப் போனார்கள் என்று திருமகளார் அறிவித்தார். யோகத்திலிருந்து எழுந்த நாதமுனிகள், வந்தவர் சக்ரவர்த்தித் திருமகனும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே என்று துணிந்து, அவர்கள் போன திசையில் ஓடினார். அடையாளங்களைக் கேட்டுக்கொண்டே கங்கைகொண்ட சோழபுரம் வரை ஓடி, காணப்பெறாமல் அங்கேயே திருநாடலங்கரித்தார். வேட்டையிலிருந்து திரும்பிய சோழனின் பரிவாரத்தைக் கண்டு மயங்கினார் என்று சொல்வாரும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பின், ஏறக்குறைய 1025-ஐ ஒட்டி எழுப்பிய நகர். நாதமுனிகளின் காலத்தில் அப்பெயர் இராது. அது இருக்கட்டும். அந்த ஓட்டத்தைப் பாருங்கள். வந்தவர் வேடராயிருக்கலாம், அரசராயிருக்கலாம். யோகத்தில் தலைசிறந்த ஞானி, தெளிவு முழுவதையும் காதலிடம் ஒப்படைத்துவிட்டுத் தெருவில் ஓடுகிறார். பிள்ளை லோகாசார்யர் பொன்னென மதித்த அறியாமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? மடலூர்வேன் என்று தலைவி சொன்னதைச் செய்தே காட்டியவர் நம் முதல் ஆசார்யர்.

அந்த இடத்திலேயே பிற்காலத்தில் அவர் சிஷ்யரான குருகைக்காவலப்பன் யோகத்தில் எழுந்தருளியிருந்தார். யோக ரஹஸ்யம் பெற விரும்பிய ஆளவந்தார் அங்கே சென்று, யோகத்தைக் கலைக்க அஞ்சிச் சுவருக்குப் பின்னே நின்றார். சொட்டைக் குலத்தார் யாரேனும் வந்திருக்கிறார்களோ என்று உள்ளிருந்து கேட்டாராம் அப்பன். எப்படி அறிந்தீர் என்று வினவ, தம்மோடு கலந்திருந்த எம்பெருமான் தம் தோள்மேலாக மீண்டும் மீண்டும் எட்டிப் பார்த்ததை விடையாகச் சொன்னார். பிராட்டியே வந்தாலும் முகம் திருப்பாதவன், நாதமுனிகள் வம்சத்தார் என்றால் பார்வையை அடக்கமாட்டான் என்றாராம். காதலில் நாணம் துறப்பது தலைவி மட்டுமல்ல என்பது அங்கே வெளிப்படுகிறது. ரஹஸ்யம் பெறக் குறித்துக் கொடுத்த நாளை ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருந்தபடி தவறவிட்டார். யோகம் அப்பனோடு போயிற்று.

நாவல் படித்து இப்பக்கம் வருவோர் பழுவூர்க் கோயில்களைப் பார்க்கிறார்கள். கங்கைகொண்ட சோழீச்சரத்தின் விமானத்தைப் படமெடுக்கிறார்கள். நாதமுனிகளின் திருவரசு இருக்கும் சொர்க்கப்பள்ளம் அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் திசையில் சிறு தொலைவுதான். வந்தியத்தேவன் குதிரையேறி வந்த வீராணத்துக் கரைக்கும் அதற்கும் இடையே, அன்று நாதமுனிகள் வழிகேட்டு ஓடிய நிலம் கிடக்கிறது.